பட்டா ஆன புள்ளிகள்

மூன்று மணிக்கு மேல் டீ குடித்தால் எனக்குத் தூக்கம் வராது, அன்புமொழி. அதனால் உன் அப்பா இரண்டரைக்கே வந்துவிடுவார். என் டீக்காகத் திருச்சியிலிருந்தெல்லாம் ஆள் வருவதாகத் திருக்கோகர்ணம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்தது என்னவோ அடுத்த தெரு ஆனந்தராஜ் வாத்தியார், உன் அப்பா ஒருவர்தான்.

அப்பா ஏன் கண்ணை இவ்வளவு காலம் ஆறப்போட்டார் என்று போனில் கேட்டாய். எனக்கும் களைப்பாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நான் சர்வேயர். முப்பத்தைந்து வருஷம் இந்த மாவட்டத்தை அளந்தவன். நான் தும்மினால் ஆலங்குடிப் பக்கம் நாலு வரப்பு நகரும். ஓய்வு பெற்றபின் அளக்க வானம்தான் மிச்சம். லேப்டாப்பில் அதற்கொரு மென்பொருள் இருக்கிறது. பெரிய தொலைநோக்கி இடைவெளி விட்டு எடுத்த நாலு படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். நட்சத்திரம் அசையாது, குறுங்கோள் என்றால் புள்ளி நகரும். நகர்ந்தால் வான அட்டவணையைத் திறந்து, முன்பே பதிவானதா என்று பார்க்க வேண்டும். வானத்துக்குச் சிட்டா அடங்கல் அதுதான். பதிவாகாததென்றால் நம் பெயரில் எழுதி அனுப்பலாம்.

புள்ளி தேடுவது அவர், அட்டவணை பார்ப்பது நான். பக்கத்தில் வரும் மாடு அவருக்குத் தெரியாது. நேரே இருக்கும் புள்ளி மட்டும் ஊசிமுனையாகத் தெரியும். அவருக்கு வந்த கண் நோய் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் என்றார் மதுரை டாக்டர். போன பார்வை திரும்பாது என்றும் சொன்னார்.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு எம் பேர்ல புடிச்சிரணும் சர்வேயரே. அப்பறம் ஆபரேஷன், அப்படியே மக வீட்டோட போயிருவேன்" என்றார்.

பத்தாம் நாளே பிடித்துவிட்டார். திரையை என் பக்கம் திருப்பினேன். அட்டவணையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. என் வீட்டுக்காரி மருதாயி போய்ச்சேர்ந்த பிறகு என் வீட்டில் இரண்டு டம்ளர் கழுவியது அந்தப் பத்து நாள்தான்.

"பட்டா ஆயிருச்சு வாத்தியாரே. எவனோ முந்திக்கிட்டான்" என்றேன்.

"சரி விடுங்க, நாளைக்குப் பாப்போம்."

உன்னிடம் அவர் 'அடுத்த மாசம்' என்று சொன்னதெல்லாம் என் வாசலில் நின்றுதான். இரண்டு வருஷத்தில் இப்படி ஏழு புள்ளிகள். நூறு என்று சொல்ல ஆசைதான், ஏழுதான். ஒன்றையும் என் பெயரில் அனுப்பவில்லை. அந்த மட்டில் நான் நேர்மையானவன்.

போன தையில் நேரே தெரிந்ததும் போயிற்று. இப்போது ஆட்டோவில் வருகிறார். நான் பார்த்துச் சொல்கிறேன், அவர் கேட்டுக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாய். வர மாட்டார் அம்மா. ஒன்று கிடைக்காமல் கிளம்புவதில்லை என்று இருக்கிறார். நேற்றுகூட ஒன்று நகர்ந்தது. அதுவும் பட்டா ஆனதுதான்.

லேப்டாப் கெட்டு இரண்டு மாதமாகிறது. கீபோர்டை மட்டும் தட்டுகிறேன். அவரிடம் சொல்லிவிடாதே, கண் தெரியாத மனுஷன், மனசு உடைந்துவிடுவார்.