வீடே காதோடு பேசிய கிறிஸ்துமஸ்

இந்த மாலைக்கு மகுடமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, அவையை நிறைத்து எங்கள் நெஞ்சையும் நிறைத்த பெரியோர்களே, போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, நான் எப்போது முடிப்பேன், கேக்கை எப்போது வெட்டுவார்கள் என்று காத்திருக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரியின் வணக்கம்.

விண்ணையும் விண்மீனையும் பற்றி வித்தகர்கள் பேசுவார்கள். நான் என் வீட்டுக் கூடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எனக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவர் வாயைத் திறந்தால் பேருந்துக்கு ஹாரன் வேண்டாம். தம்பி எலக்ட்ரீசியன், கோபம் வந்தால் பக்கத்தில் போனாலே ஷாக் அடிக்கும். இருவரும் ஐந்து வருஷமாய்ப் பேசவில்லை. காரணம் சொத்தா? இல்லை. சூதா? இல்லை. தம்பி கல்யாணத்தில் குடும்பப் போட்டோவுக்கு அண்ணனைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.

அன்றிலிருந்து நடுவில் நான்தான். "உன் தம்பிகிட்ட வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு." "அக்கா, நிறுத்தியாச்சுன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் நிற்பார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் என் வீட்டில். "பிள்ளைங்கள மட்டும் விட்டுட்டுப் போயிடுவேன். இனிமே அவன் இருக்கிற இடத்துக்கு நான் வர மாட்டேன்" என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படி. அண்ணி அழுதார். எனக்கு அழ நேரமில்லை, கேக் அடுப்பில் இருந்தது.

தம்பி மகளுக்கு மூன்று வயது. குருவி என்போம். கிறிஸ்துமஸ் அன்று பகலில் அவள் குடிலில் கிடந்த குழந்தை இயேசு பொம்மையை எடுத்து, கைத்துண்டில் சுற்றி, "பாப்பா இப்பதான் தூங்குது. யாரும் சத்தம் போடக் கூடாது" என்று வீட்டுக்கே உத்தரவு போட்டாள். சிரித்தோம். அவள் உதடு பிதுங்கியது. சிரிப்பை விழுங்கினோம்.

அப்புறம் அந்த வீட்டில் ஒரு கனவு இறங்கியது, பெரியோர்களே. பெரியம்மா நுனிக்காலில் நடந்தார். மாமா தும்மலைத் துண்டுக்குள் தும்மினார். சன்னல் வெயிலில் காகித நட்சத்திரம் மெல்லச் சுற்ற, அதன் நிழல் ஒவ்வொரு முகமாய்த் தொட்டுப் போனது. பேச வேண்டியவர்கள் பக்கத்தில் போய்க் காதோடு பேசினார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். "இந்தா, பிள்ளைங்கள..." என்று வாசலிலேயே தொடங்கினார். குருவி உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா, பெரியப்பா. பாப்பா முழிச்சுக்கும்." ஆறடி மனிதர் வாயை மூடினார். அவரை இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் பாப்பாவைக் கிடத்தினாள். "நான் சாப்ட்டு வரேன். நீங்க பாத்துக்கோங்க. அசையக் கூடாது."

அசைந்தாரா? ஆயிரம் வளைவுகளில் பேருந்தைத் திருப்பிய கைகள், உள்ளங்கை அளவு பொம்மையை ஏந்தியபடி அப்படியே இருந்தன. குருவி மெதுவாகச் சாப்பிட்டாள். சாப்பிட்ட இடத்திலேயே தூங்கியும் போனாள். இனி எழுந்து போனால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் போகவில்லை.

தம்பி வழக்கம்போல் தூதுக்கு என்னைத் தேடினான். நானோ அடுப்படியில். கூப்பிட்டால் மகள் விழித்துக்கொள்வாள். வேறு வழியில்லாமல் அவனே போய் அண்ணன் காதருகே குனிந்தான்.

"கால் மரத்துப் போயிருக்கும்ணா. என்கிட்ட குடுங்க."

அண்ணனின் கிசுகிசுப்பு அடுப்படி வரை கேட்டது. "வேணாம்டா. நீ போய் நம்ம ரெண்டு பேருக்கும் சாப்பாடு எடுத்துட்டு வா."

முதல் நாள் அழாததையெல்லாம் சேர்த்து அப்போது அழுதேன். சத்தமில்லாமல்தான்.

கோபத்தைக் காதோடு சொல்ல முடியுமா? குற்றம்குறையைக் காதோடு சொல்ல முடியுமா? பக்கத்தில் போக வேண்டுமே. போனால் அண்ணனின் மீசை நரைத்திருப்பது தெரியுமே. அந்தக் குடில் குழந்தை அன்று பேசியதா? போதனை செய்ததா? தூங்கியது, தாய்மார்களே, தூங்கியது. அது தூங்குவதற்காக ஒரு வீடு சண்டையை நிறுத்தியது.

இந்த மேடையைத் தந்த உங்களுக்கு என் நன்றி. எனக்காக யாரும் கைதட்ட வேண்டாம். இந்த வரிசைகளிலும் ரொம்ப நாளாய்ப் பேசாத இரண்டு பேர் இருப்பீர்கள். எழுந்து பக்கத்தில் போங்கள். மைக்கை நான் நிறுத்திவிடுகிறேன். என் வாழ்த்தை நீங்களே அவர் காதில் சொல்லிவிடுங்கள். வணக்கம்.