வால்நட் மரத்தடியில் ஜெனட்டின் ஐரிஸ்

ஐரிஸைப் போல் சோம்பேறிக்கு ஏற்ற பூச்செடி வேறு கிடையாது. இதை இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். நம் பூச்செடிச் சங்கத்துக் கமிட்டியார் நீங்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பதால் இப்போது சொல்கிறேன்.

என் கொல்லையில் நிற்கும் கருப்பு வால்நட் மரத்தின் வேரில் நஞ்சு உண்டு. அதன் பக்கத்தில் தக்காளி வைத்தால் கொஞ்ச நாளில் தலை தொங்கிவிடும். ஐரிஸுக்கு அந்த நஞ்சு ஒரு பொருட்டே இல்லை. ஆழப் புதைத்து ஈரமாக வைத்தால்தான் கிழங்கு அழுகும்; அதன் முதுகில் வெயில் படும்படி மேலாக நட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். நானும் அப்படித்தான் தூங்கினேன். ஆனால் அந்த நஞ்சு மரத்தடியில் ஐரிஸ் பூத்ததை ஊரில் எல்லோரும் என் கைராசி என்றார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் வருடாவருடம் நாற்பது நிமிடம் பேச அழைத்தார்கள். முட்டை ஓடு, காபிச் சக்கை, வளர்பிறை என்று அடித்துவிடுவேன். போன வருடம் சொன்னது மறந்துபோனால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பேன். எல்லோரும் குறிப்பு எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்து வீட்டு லோவல், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஜெனட் விதையிலிருந்து ஒரு புது ஐரிஸை உண்டாக்கினாள். தேன் நிறத்தில் ஊதா விளிம்பு. பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனாள். உலகத்தில் இருந்தது அந்த ஒரே ஒரு புதர். லோவல் அதைப் பெயர்த்து, எங்கள் வேலியோரமாக, என் மரத்தின் நிழல் விழும் இடத்தில், சமையலறைக் கரண்டியால் தோண்டி நட்டார். மறு வருடம் சங்கத்தின் மே மாதப் பூக்கண்காட்சியில் அது முதல் பரிசு வாங்கியது. என்னுடையது இரண்டாம் பரிசு.

"ஏம்மா வெர்லா, நான் ஒண்ணுமே பண்ணலையே, தண்ணிகூட ஊத்தல. மரம் அதை ஒண்ணும் பண்ணாது போலிருக்கே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வெள்ளந்தியாகத்தான் கேட்டார். சங்கத் தலைவி மார்ஜ் சிரித்துவிட்டாள். "அப்ப இத்தனை வருஷமா முட்டை ஓட்டை வச்சு எங்க தலையில மிளகாய் அரைச்சியா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அறுபத்தெட்டு வயதில், ஒரு பூவுக்காக. எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் லோவல் மூட்டு அறுவை சிகிச்சைக்காக மகள் வீட்டுக்குப் போனார். "அடுத்த வருஷம் அந்தச் செடியைப் புது ரகமா ஜெனட் பேருல பதிவு பண்ணணும். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்மா," என்றார்.

நான் பார்த்துக்கொண்டேன். கிழங்குகளின் மேல் நாலு விரல் உயரத்துக்கு மண் போட்டேன். அதன்மேல் ஈர வைக்கோலைப் பரப்பினேன். காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விட்டேன். என் சொந்தச் செடிகளுக்கு நான் ஒரு நாளும் இவ்வளவு உழைத்ததில்லை. ஐந்தாவது வாரம் கிழங்கெல்லாம் கூழாகி நாறியது. மண்ணையும் வைக்கோலையும் வழித்தெடுத்து, இடத்தைச் சுத்தம் செய்தேன்.

ஊன்றுகோலுடன் திரும்பி வந்த லோவல், குனிய முடியாமல் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மரம் கொன்னுடுச்சு. உன் கைக்குத்தான் அது அடங்கும், எனக்குத் தெரியாமப் போச்சே," என்று அழுதார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, ஆப்பிள் வைத்துப் பலகாரம் சுட்டுக் கொடுத்தேன்.

இந்த மே மாதம் என் பெயரில் ஒரு புது ஐரிஸைக் கண்காட்சியில் வைத்தேன். தேன் நிறம், ஊதா விளிம்பு. லோவல் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வெளியே போனார். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது.

ஆமாம், மண் போடுவதற்கு முன்னால் ஒரு கிழங்கை உடைத்து எடுத்துக்கொண்டேன். அதைத் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நான் அதை எடுக்காமல் விட்டிருந்தால், ஜெனட்டின் செடி இன்று உலகத்திலேயே இருந்திருக்காது.