பதினாலு வயசுக்கு ஒரு ரூல்

இல்ல சார், நான் முடியாதுன்னு சொல்லவே இல்லையே. உக்காருங்கன்னுதான் சொன்னேன். ரேஸ் பதினோரு மணிக்கு. இப்போ பத்தே காலு. கொடியைத் தூக்கிக்கிட்டு யாரும் ஓடிடப் போறதில்ல. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ம், பொண்ணுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க? பதினாலு. முடிஞ்சுதா, நடக்குதா? முடிஞ்சு மூணு மாசம். சந்தோஷம் சார். இந்த மண் மேட்டு ரேஸ் மைதானத்துக் கவுண்டர்ல பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன், பெத்த புள்ளையோட வயசை ஒரே மூச்சுல உண்மையா சொன்ன அப்பாவை விரல் விட்டு எண்ணிடலாம்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். போன மாசம் ஒருத்தர் வந்தார், பெரிய வக்கீல். பையனுக்குப் பதினாறாம். பாத்தா பால் பல்லே இன்னும் விழுந்து முடியல. ஆனா மீசை இருக்கு. கண்ணு மைல வரைஞ்ச மீசை. நான் ஒண்ணுமே கேக்கல. ஹெல்மெட் அளவு பாக்கணும், மாட்டிக் கழட்டு ராஜான்னேன். கழட்டினான், மீசை கன்னத்துக்குக் குடிபோயிருச்சு. அதுக்கும் அந்த மனுஷன் அசரலயே! வெயில்ல எல்லாருக்கும் இப்பிடித்தான் ஆகும்ங்கறார்.

இன்னொரு அம்மா வந்தாங்க. பிறப்புச் சான்றிதழ் கேட்டேன், டாண்ணு எடுத்துக் குடுத்தாங்க. அதே கவர்ல அவங்க அடையாள அட்டையும் ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. கணக்குப் போட்டுப் பாத்தா பையன் பொறக்கும்போது அந்தம்மாவுக்கு ஒம்போது வயசு. நான் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன் சார். வேற என்ன பண்றது?

எங்க ரூல் ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா வண்டியைத் தொடக்கூடாது, வெளிய நின்னு கை தட்டலாம். பன்னெண்டுலேர்ந்து சின்ன வண்டி. வேகத்துக்குப் பூட்டு போட்டிருக்கும், ஒரு கோழி நெனச்சா முந்திக்கிட்டுப் போயிடும். பதினாறு முடிஞ்சாத்தான் பெரிய வண்டி. அவ்வளவுதான். என்னது? ஆமா, ஆமா, நடுவுல ஒரு சந்து இருக்கு. பதினாலு முடிஞ்சு, எங்க பன்னெண்டு பயிற்சி வகுப்பும் முடிச்சு, ஓட்டக் கத்துக்குடுக்கற மாஸ்டர் தேறிட்டான்னு எழுதிக் குடுத்து, டாக்டர் கடிதமும் பெத்தவங்க கையெழுத்தும் இருந்தா நடு வண்டில ஜூனியர் ரேஸ் ஓடலாம். ஏழாம் நம்பர் ரூல். அட, நம்பரோட சொல்றீங்களே. எங்க முதலாளிக்கே அது ஏழா எட்டான்னு தெரியாது.

பைலைக் குடுங்க, பாக்கறேன். யப்பா, கல்யாண ஆல்பம் கூட இவ்வளவு கனமா இருக்காது. டாக்டர் கடிதம் இருக்கு. கண்ணு, காது, மூச்சு, எல்லாம் சரி. இது என்ன, பல் டாக்டர் கடிதமா? அது நாங்க கேக்கலையே. ஒரு பாதுகாப்புக்கா? சரி, வண்டி ஓட்டும்போது எதையாவது கடிக்க வேண்டி வந்தா உதவும்.

மாஸ்டர் கையெழுத்தும் இருக்கு. திருப்பத்துல உடம்பைச் சரியா சாய்க்கிறா, மேட்டுல பதட்டமில்ல, பிரேக் சுத்தம். எங்க மாஸ்டர் இவ்வளவு எழுதி நான் பாத்ததே இல்ல சார். வழக்கமா பரவாயில்லன்னு ஒரு வார்த்தை எழுதுவார். போட்டியில ஜெயிச்சவனுக்கே அதான். உங்க பொண்ணு நல்லாத்தான் ஓட்டறா. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

போர்டையா பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. அதுல இருக்கற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு மேதாவி இருக்கார். ஒரு வண்டிக்கு ஒருத்தர் மட்டும்னு போட்டிருக்கா? அது ஒரு குடும்பத்துக்காக எழுதினது. அப்பா, அம்மா, ரெண்டு புள்ளைங்க, எல்லாரும் ஒரே வண்டில ஏறி போட்டோ எடுத்தாங்க. போட்டோ நல்லா வந்துச்சு, கடைசி ஆள் மட்டும் படத்துல இல்ல, குழியில இருந்தார். செருப்போட ஏறாதேங்கறது ஒரு காலேஜ் வாத்தியாருக்காக. மண்ணு பூட்ஸ் கேக்காதும்மான்னு என்கிட்ட தத்துவம் பேசினார். கேக்கல சார், கட்டை விரல் நகத்தை மட்டும் வாங்கிக்கிச்சு. ஓட்டும்போது போன் பேசாதேங்கறது எங்க முதலாளியோட மச்சானுக்காக. அதைப் பத்தி நான் பேசக்கூடாது, சம்பளம் வாங்கறேன்.

பொண்ணு எங்க? வெளிய டயர் அடுக்கியிருக்கற இடத்துலயா? ஜன்னல் வழியா தெரியுது. சிவப்பு டிரஸ்ஸா? புதுசா வாங்குனீங்களா? முட்டிக்கு, முழங்கைக்கு, முதுகுக்கு எல்லாத்துக்கும் கவசம். கையுறை கூட சிவப்பு. அடேங்கப்பா. நீங்களும் ஓட்டுவீங்களா? ஓஹோ, அந்தக் காலத்துல கப்பே வாங்கியிருக்கீங்களா? எத்தனை? மூணு. ஷோகேஸ்ல வெச்சிருக்கீங்க. சரி. நாலாவதுக்கு இடம் விட்டிருக்கீங்களா? விட்டிருக்கீங்க. நான் சும்மாத்தான் சார் கேட்டேன், நீங்க நிஜமாவே விட்டு வெச்சிருக்கீங்க.

பூட்ஸ் அளவு என்ன? அஞ்சு. கணுக்காலை மூடுதா? சரி. ஹெல்மெட்டுக்கு முத்திரை இருக்கா? இருக்கும், உங்ககிட்ட இல்லாம இருக்குமா. காப்பீடு? அதுவும் இருக்கு. முடி நீளமா இருந்தா உள்ள விட்டுக் கட்டணும்... கட்டியாச்சு. ரத்த வகை? ரெண்டு இடத்துல எழுதியிருக்கு. காலைல சாப்பிட்டாளா? இல்ல சார், அது படிவத்துல இல்ல, நானாத்தான் கேட்டேன். சாப்பிடலையா? பசிக்கலன்னுட்டாளா. ம்.

நான் இழுத்தடிக்கிறேனா? ஆமா சார், இழுத்தடிக்கிறேன். சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. பொண்ணுன்னு பாக்கறேனா? ஐயோ, அந்தப் பழி வேணாம் சார். இந்த மைதானத்துல முதமுதல்ல பெரிய வண்டி ஓட்டின பொம்பளை யாருன்னு நெனக்கிறீங்க? இதோ, உங்களுக்கு முன்னாடி கண்ணாடி போட்டுக்கிட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கிட்டு இருக்கே, இதுதான். பொண்ணுங்க ஓட்டணும் சார், எனக்கு அதுல ஆசைதான். போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா, அதே பதினாலு வயசு, அவங்கம்மா வேணாம் வேணாம்னு அழுவாங்க, இவ ஹெல்மெட்டைத் தலைலேர்ந்து கழட்டவே மாட்டா, ஹெல்மெட்டோடவே ஐஸ்க்ரீம் சாப்பிட்டா. அவளுக்கு நான் ரெண்டே நிமிஷத்துல ஸ்டாம்ப் குத்தினேன்.

முதலாளிக்குப் போன் போடறீங்களா? தாராளமா போடுங்க. அவர் உங்க பக்கம்தான். ஏழாம் நம்பர் ரூல்படி எல்லாம் சரியா இருக்கு, ஏம்மா நிறுத்தறேன்னு என்னைத்தான் திட்டுவார். அவர் சொல்றதும் சரி. நான்தான் தப்பு. உங்க பைல்ல ஒரு ஓட்டை கூட இல்ல சார். மூணு தடவை புரட்டிட்டேன்.

கொஞ்சம் இருங்க. அந்தப் போனைக் கீழ வைங்க. கதவைச் சாத்திடறேன்.

நேத்து மத்தியானம் இந்த நம்பருக்கு ஒரு போன் வந்துச்சு. சின்னக் குரல். ஆன்ட்டி, பதினாலு வயசுக்கு ரேஸ் ஓட்டக்கூடாதுன்னு ஏதாவது ரூல் இருக்கான்னு கேட்டுச்சு. நான் என்ன பண்ணினேன், நல்ல செய்தி சொல்ற மாதிரி, இல்லடா கண்ணு, ஓட்டலாம், ஏழாம் நம்பர் ரூல் இருக்குன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அப்புறம் கேட்டுச்சு சார், நீங்களா ஒரு ரூல் போட முடியுமா ஆன்ட்டின்னு.

ஆமா. உங்க பொண்ணுதான். பேர் சொல்லல. நானும் கேக்கல. பன்னெண்டு வகுப்புக்கு வந்த குரல் எனக்குத் தெரியாதா?

பயமான்னா கேக்கறீங்க? பயம்தான் சார். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாடியும் அந்தக் கடைசி பாத்ரூமுக்குப் போவா. குழாயைத் திறந்து விட்டுடுவா. தண்ணிச் சத்தத்துக்கு மேல வாந்திச் சத்தம் கேக்கும். முகம் கழுவிட்டு வந்து வண்டில ஏறி, மாஸ்டர் எழுதியிருக்காரே, பதட்டமில்லாம, அப்பிடி ஓட்டுவா. நான் ஏதோ வயித்துக்கு ஒத்துக்கலன்னு நெனச்சேன். பன்னெண்டு ஞாயித்துக்கிழமையும் ஒத்துக்கலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாருங்க, நான் எவ்வளவு பெரிய புத்திசாலி. மத்தவங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

அப்பாகிட்டயே வேணாம்னு சொல்லிடேன்மான்னேன். முடியாதுன்னா. திட்டுவாரான்னேன். இல்லல்ல, அப்பா திட்டவே மாட்டார்னு பட்டுன்னு சொல்லிட்டா. உங்களை விட்டே குடுக்கல சார். அப்புறம் என்னடான்னு கேட்டேன். அப்பா வாரம் பூரா வெளியூர்ல வேலை பாக்கறார், ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் வீட்டுல இருப்பார், அன்னைக்கு என்னை இங்க கூட்டிட்டு வருவார், வண்டி வேணாம்னுட்டா அப்புறம் அப்பா என்கூட என்ன பண்ணுவார்னு கேட்டா.

பாக்கறேன்டா கண்ணுன்னு வெச்சுட்டேன். அரை மணி நேரமா அதைத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன், உங்க பைலுக்குள்ள. ஒரு ரூல்.

தண்ணி குடிங்க. இது கொதிக்க வெச்ச தண்ணிதான். இல்ல, இல்ல, அதெல்லாம் சொல்லாதீங்க. கெட்ட அப்பாவா இருந்தா பல் டாக்டர்கிட்டல்லாம் யாராவது கடிதம் வாங்குவாங்களா? மூக்கைத் துடைச்சுக்குங்க, இந்தாங்க துணி. கிரீஸ் இருக்கும், ஓரத்துல பிடிச்சுத் துடைங்க.

இப்ப வெளிய போய் அவகிட்ட கேக்கப் போறீங்களா? வேணாம் சார். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். இப்பவே அதைக் காத்துல விட்டாச்சு, அது அவளுக்குத் தெரிய வேணாம். ஆறு மாசம் கழிச்சு, ஒரு வருஷம் கழிச்சு, அவளாச் சொல்லுவா. அன்னைக்கு முதமுதலா கேக்கற மாதிரி கேட்டுக்குங்க. ரேஸ் முடிஞ்சதும் எல்லாரும் கேன்டீன்ல வந்து விழுவாங்க. அதுக்கு முன்னாடி போய் ஜன்னல் பக்கமா ஒரு மேஜையைப் பிடிங்க. ரெண்டு பேரும் உக்காருங்க. என்ன பேசறதா? அதுக்கு ரூல் புத்தகம் இல்ல சார். ஸ்கூல்ல எந்த டீச்சரைப் பிடிக்காதுன்னு கேளுங்க, சாயந்திரம் வரைக்கும் ஓடும்.

அட, ரேஸ் இல்லங்கறதுக்கு அவகிட்ட என்ன காரணம் சொல்றதுன்னா? அதைத்தான் சொல்ல வந்தேன். பதினொண்ணாம் நம்பர் ரூலைப் பாருங்க, கடைசிப் பக்கம், கீழ. பதினாறு வயசு ஆகாதவங்க ஓட்டும்போது பெத்தவங்க ஒருத்தர் ரேஸ் முடியற வரைக்கும் கம்பி வேலிகிட்ட நின்னுக்கிட்டே இருக்கணும். உக்காரக்கூடாது. நிஜமான ரூல்தான், நான் போட்டது இல்ல. உங்க கண்ணுக்கே தப்பிப்போன ரூல் பாத்தீங்களா? இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க. உங்களுக்கு இப்போ நடு முதுகுல சுளீர்னு ஒரு பிடிப்பு வந்துருச்சுன்னு வைங்க, உங்களால நிக்க முடியுமா? முடியாது. நிக்க முடியலன்னா நான் எப்படி அனுமதிக்கறது? மாட்டேன். நான் ரொம்ப கறார், எல்லாருக்கும் தெரியும். வெளிய போய் என்னை நல்லா திட்டுங்க. சும்மா இல்ல, மனசாரத் திட்டுங்க, அந்தக் கவுண்டர் கிழவிக்கு ஈவு இரக்கமே இல்லன்னு அவ காதுல விழணும்.

பைலை எடுத்துக்குங்க. பல் டாக்டர் கடிதம் கீழ விழுந்துருச்சு பாருங்க. நான் எடுக்கறேன், நீங்க குனியாதீங்க, இப்பத்தானே பிடிச்சிருக்கு.

கதவைத் தள்ளித் திறக்கணும். சார், சார்... ஒரு நிமிஷம். இப்பிடி ராணுவத்துல போற மாதிரி நிமிந்து போனா எப்படி? ஜன்னல் வழியா உங்களையேதான் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு கையை இடுப்புல வைங்க. ம், அப்பிடித்தான். கொஞ்சம் நொண்டுங்க.