ஆற்று மணி

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருக்கிறது. அடியில் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்தால் ஆடாது. நன்றி. இனிப் பேசலாம்.

என் பெயர் இருதயம்மாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியை. நேற்று ஆற்றில் தண்ணீர் வந்தபோது எங்கள் கோயில் மணி ஏன் ஒலிக்கவில்லை என்பதை நீங்கள் விசாரிக்கிறீர்கள். ஊரார் உங்களிடம் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். அது தவறு. அதைத் திருத்துவதற்காகவே நானாக வந்தேன்.

எங்கள் ஊர் முல்லையாற்றின் மேட்டுக்கரையில் இருக்கிறது. மேலே மதகைத் திறந்தால் தண்ணீர் எங்களை எட்டச் சற்று நேரமாகும். மதகில் வேலை பார்க்கும் ஞானசிகாமணி எனக்குத் தொலைபேசியில் சொல்லுவார்; நான் மணி அடிப்பேன். பூசைக்கு அடிப்பதுபோல் விட்டுவிட்டு அன்று, இடைவிடாமல். அதற்கு ஆற்று மணி என்று பெயர். துவைப்பவர்களும் மாடு மேய்ப்பவர்களும் அதைக் கேட்டுக் கரையேறிவிடுவார்கள். முன்பு மணியடித்துவந்த கோயில்பிள்ளை இறந்தபின் அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருமுறைகூடத் தவறியதில்லை. காய்ச்சலோடும் அடித்திருக்கிறேன்.

கோயிலுக்கு நேரே, ஆற்றின் நடுவில் ஒரு திட்டு உண்டு. சுற்றிலும் நாணல், நடுவே ஒரு பழைய மருதமரம். அதன் வேரடியில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வளை வைத்திருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கூடலூர் தொடங்கி எங்கள் ஊர்வரை மடுவுக்கு ஒரு குடும்பம் இருந்தது. பிறகு திராட்சைப் பந்தல்கள் நீர்விளிம்புவரை இறங்கின. பந்தலுக்கு அடித்த மருந்து ஆற்றுக்கு வந்தது. நாணலைக் கொளுத்தினார்கள். மருதமரங்களை அறுத்தார்கள். மடுக்களில் வெடித்தோட்டா போட்டு மீன் எடுத்தார்கள். நான் போகாத அலுவலகம் இல்லை. பேசாத கூட்டம் இல்லை. எங்கள் பகுதியில் கடைசியாக எஞ்சியது அந்த ஒரு குடும்பம். இந்தத் தை மாதம் தாய் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது.

ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். ஆற்று மணி ஒலித்ததும், தண்ணீர் வருவதற்கு வெகுமுன்பே, அந்தத் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி, மரத்தின் மேல்வேர்ப் பொந்துக்குக் கொண்டுபோய்விடும். பூசை மணிக்கு அசையாது. என் வகுப்புகளில்கூட அவ்வளவு ஒழுங்கான மாணாக்கரை நான் கண்டதில்லை.

ஜஸ்டின் என்னிடம் படித்தவன், மீன்பிடித்துப் பிழைப்பவன். நீர்நாய்கள் அவனுடைய வலைகளைக் கிழித்தன. அது உண்மை, நான் மறுக்கவில்லை. முந்தாநாள் அவன் கடப்பாரையோடு கோயில் வாசலில் நின்றான்.

“நாளைக்கி அந்த வளையத் தோண்டிரப் போறேன் டீச்சர். அதுகளா நானான்னு பாத்துருவோம்.”

தோண்டக் கூடாது என்றேன். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். புது வலை வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

“அதையும் கிழிக்குமே. மாசாமாசம் வாங்கித் தருவீகளா? ஏன் டீச்சர், ஆத்துக்கும் நீங்கதான் ஹெட்மாஸ்டரா?” என்று சிரித்தான். “ஆபீசர்மாருக வந்தாக, பாத்தாக, எங்க வீட்டு டீயக் குடிச்சாக, போயிட்டாக. நீங்க மட்டும் ஏன் இங்கன கெடந்து வதைபடுறீக?”

அவன் பரிவோடுதான் கேட்டான். அதட்டினால் அடங்காதவன் என்பது அவனுடைய பள்ளிப் பருவத்திலேயே எனக்குத் தெரியும். ஆகவே கைகூப்பினேன். ஒரு மாணவன்முன் நான் கைகூப்பியது அதுவே முதன்முறை. அவன் பதறிப்போய் என் கைகளைப் பிரித்துவிட்டான். கடப்பாரையை மட்டும் கீழே வைக்கவில்லை.

நேற்றுக் காலையில் திட்டுக்குப் போனான். கோயில் வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். முதலில் நாணலை அறுத்து வளையின் வாயைக் கண்டுபிடித்தான். வெயில் ஏறியபோது எனக்குத் தொலைபேசி வந்தது.

“தண்ணி விட்டாச்சு டீச்சர். இன்னிக்கிக் கூடுதலா வருது. அடிச்சிருங்க.”

சரி என்றேன். கயிற்றைக் கையில் எடுத்தேன். மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.

அவனை அச்சுறுத்த வேண்டும் என்பதே என் எண்ணம். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் அவன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அவன் நன்றாக நீந்துவான்.

சிறிது நேரத்தில் அவன் மனைவி ஜெஸ்லின் தூக்குச்சட்டியோடு வந்தாள். கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள், நல்ல உச்சரிப்பு.

“டீச்சர், இன்னிக்கித் தண்ணி வருமா? அவுகளுக்குச் சோறு கொண்டு போறேன். எனக்கு நீச்சல் தெரியாதுல்ல, அதான் கேக்குறேன்.”

“வந்தால் மணி அடிப்பது வழக்கந்தானே” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய்யன்று.

“அதான! நீங்க இருக்கையில எங்களுக்கு என்ன பயம்?” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளைத் தடுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள். காரணம் தெரிந்தால் அவனைக் கூவி அழைத்திருப்பாள். அவன் கரையேறியிருப்பான், இன்று மறுபடியும் கடப்பாரையோடு போயிருப்பான். இவ்வளவையும் நிதானமாக எண்ணிப் பார்த்த பிறகே வாய்மூடி நின்றேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

தண்ணீர் வந்தது. முழங்காலோடு நிற்கவில்லை. ஜஸ்டின் கடப்பாரையைப் போட்டுவிட்டு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவள் கோயிலைப் பார்த்துக் கையசைத்தாள். என்னைத்தான் அழைத்தாள் என்று நினைக்கிறேன். இரைச்சலில் சொற்கள் விளங்கவில்லை. அவனுடைய உடல் தடுப்பணையில் கிடைத்தது. அவளை நீங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாலையில் ஜெஸ்லினின் தாய் என் வீட்டுக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். அவரோ என் கால்மாட்டில் உட்கார்ந்து என் கைகளைப் பற்றிக்கொண்டார்.

“நீங்க வேணும்னா செஞ்சீக? வயசாயிருச்சு, மறந்துட்டீக. மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதீக ஆத்தா.”

என்னால் பொறுக்க முடியாமற்போனது அதுதான். ஊர் முழுவதும் அதையே சொல்கிறது. நான் மறக்கவில்லை. மறதி என்று எழுதினால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்திட மாட்டேன்.

ஜெஸ்லினைத் தேடுவதற்காக மேலே மதகை மூடினார்கள். இன்று காலையில் ஆறு வடிந்திருந்தது. இங்கே வருவதற்குமுன் திட்டுவரை நடந்து போனேன். வளையைச் சேறு அடைத்திருந்தது. தாய் நீர்நாய் மருதமரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தது. குட்டிகள் மூன்றையும் நாணல் தூரிலிருந்து நான்தான் எடுத்தேன். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிடச் சற்றே நீளம். ஆற்றில் பிறந்த உயிருக்குத் தண்ணீர் வருவது தானாகவே தெரியும் என்று நம்பியிருந்தேன். அது மணிக்காகக் காத்திருந்திருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். நேற்று நான் மூன்று உயிர்களைக் கொன்றேன்.