மடங்கிய இரண்டாவது விரல்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டுப் பெண் செருப்பைக் கழற்றித் தோழியிடம் காலை நீட்டினாள். இரண்டாவது விரல் கொக்கிபோல் மடங்கி, மேலே காய்த்திருந்தது.

“இது கட்டைவிரலைவிட நீளம். புருஷனை அடக்கிடுவேனாம். பொண்ணு பாக்க வந்தப்போ அம்மா மடக்கிக்கச் சொன்னாங்க. அப்புறம் மாமியார் கண்ணுல படாம எட்டு வருஷம் வீட்டுல மடக்கியே நடந்து, வெளியில குறுகலான ஷூவுல திணிச்சேன். அப்படியே நின்னுடுச்சு.”

“டாக்டர் என்னக்கா சொன்னார்?”

“அகலமான செருப்பு போட்டு, தினம் நீவி நிமித்தணுமாம். அதுக்கும் சரியாகலன்னா ஆபரேஷன். இவர்தான் பயப்படறார், ‘நிமிந்துட்டா என் கதி?’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“‘மொதல்ல போய் அகலமான செருப்பு வாங்கிட்டு வாங்க’ன்னேன். கொட்டற மழையில போய் வாங்கிட்டு வந்தார்.”