ஒன்பது கட்டம்

தென்காசி ஸ்டேஷனில் செங்கோட்டை வண்டி நாற்பது நிமிடம் தாமதம். என் பெஞ்சுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி முப்பது வயது முஸ்லிம் பெண்; மற்றவள் அறுபது தாண்டிய அம்மாள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"தாயத்தைப் பிரிச்சுப் பாத்துட்டேன் ஆச்சி. பிரிச்சா பலன் போயிரும்னு, ஓதிக் கட்டிவிட்ட லெப்பை சொல்லியிருந்தாவ."

"ஏம்மா பிரிச்ச?"

"எங்க வீட்டுக்காரவுக கொழும்புல இருந்து கடுதாசி போட்டு ரெண்டு வருசமாச்சு. உள்ள என்னதான் எழுதியிருக்குன்னு பாத்தேன். வெறும் கட்டமும் நம்பரும்."

"எட்டு, ஒண்ணு, ஆறு. கீழ மூணு, அஞ்சு, ஏழு. கடைசில நாலு, ஒம்பது, ரெண்டு. சரிதானா?"

"யா அல்லா! ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுச் சாமி மாடத்துலயும் அதுதான். எம் மவன் ஓடிப்போனப்ப குத்தாலத்துச் சாமியார் ஒருத்தர் செப்புத் தகட்டுல கீறிக் குடுத்தாரு."

நான் அந்தக் கட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூலைவாக்கிலும் எட்டு விதமாகக் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் பதினைந்துதான்.

"அதுக்கு என்ன அர்த்தம் ஆச்சி?"

"சுத்தியிருக்க எட்டுக் கட்டமும் எட்டுத் திசை. நடுவுல இருக்க அஞ்சு, வீடு. எந்தத் திசைக்குப் போனவனும் அங்கனதான் திரும்பணும். வீட்டுல ஆள் இருக்கணும், அவ்வளவுதான். நீ பிரிச்சதால ஒண்ணும் கெட்டுப்போகல."

"ஒங்க மவன் திரும்பிட்டானா?"



"பதினோரு வருசத்துல இன்னைக்குத்தான் வீட்டைப் பூட்டியிருக்கேன். செங்கோட்டையில தங்கச்சி தவறிட்டா. சாயங்கால வண்டியில திரும்பிரணும் தாயி. அவன் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போயிரக் கூடாது."