யாரைக் கேட்டுக் கிளம்புவது?

காற்று வரும் முன்னே கடை ஷட்டரை இறக்குவதிலும், காற்று போன பின்னே கஞ்சித் தொட்டி திறப்பதிலும் இந்த ஊருக்கே முன்னால் நிற்கும் வர்த்தகர் சங்கத் தலைவர், இக்கூட்டத்தின் தலைமை ஆத்மநாதன் ஐயா அவர்களே! ஒரு மேடைக்குள் இத்தனை பேர் அடங்க முடியும் என்று நிரூபித்து அமர்ந்திருக்கும் முன்னிலையாளர்களே! ஜமாஅத்துப் பெரியவர்களே! கோயில் கமிட்டிப் பெரியவர்களே! கடலை நம்பியவர்களே, கடையை நம்பியவர்களே, வருகிற விமானத்தை நம்பியவர்களே! பாயில் பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி எல்லாம் ஆண்கள் பக்கம், பாய் எல்லாம் பெண்கள் பக்கம்; யார் போட்டார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தப் பக்கத்தில் நாற்காலி பெற்றிருக்கும் ஒரே பெண்மணி, வாக்கரைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் ரஹீமா பீவி மாமி அவர்களே! எல்லோருக்கும் நுஸைபாவின் வணக்கம், ஸலாம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் பையைப் பற்றிப் பேசினார்கள். புயல் நேரத்தில் பையில் என்னென்ன வைக்க வேண்டும்? டார்ச் வைக்க வேண்டும், தீப்பெட்டி வைக்க வேண்டும், ரேஷன் கார்டை பாலிதீனில் சுற்றி வைக்க வேண்டும். அருமை. அந்தப் பையை இன்று இலவசமாகவும் தருகிறார்கள். பையின் ஒரு பக்கம் முழுக்கப் படம். யாருடைய படம் என்று கேட்காதீர்கள், புயலின் படம் இல்லை.

பேரிடர் தன்னார்வலராக நான் வீடு வீடாக ஏறி இறங்கியவள். என் கேள்வி பைக்குள் இருப்பதைப் பற்றியது அல்ல. பையை யார் தூக்குவது? எப்போது தூக்குவது? யாரைக் கேட்டுத் தூக்குவது? இந்த மூன்றாவது கேள்விதான் இந்த ஊரில் ஆளைக் கொல்லும் கேள்வி.

கதை ஒன்று சொல்கிறேன். சொல்லப் போகிறேன் என்று கதைக்கு உரியவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

கஜா புயல் வந்த அன்று மாலை. அஸர் தொழுகை முடிந்த நேரம். கடல் ஊமையாகக் கிடந்தது. ஐஸ் ஏற்றும் நாகராசு அண்ணன் தன் குட்டியானை வண்டியைக் காலி செய்துகொண்டு, கடற்கரைத் தெருவில் வீடு வீடாக ஆட்களை ஏற்றினார். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் விடுவதற்கு. யாரும் சொல்லி அவர் வரவில்லை. எந்தப் பையிலும் அவர் படம் இல்லை.

தெருவில் ஓர் ஓட்டு வீடு. முன்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உள்ளே ரஹீமா பீவி மாமியும் அவர் மருமகள் சாமியா லாத்தாவும், கைக்குழந்தையும். லாத்தா என்றால் எங்கள் வீடுகளில் அக்கா. மகன் ஷாகிர் ஷார்ஜாவில். பை தயாராக இருந்தது. இன்று மேடையில் சொன்ன அத்தனையும் அன்றே அதில் இருந்தன. சாமியா லாத்தா தொலைக்காட்சியைப் பார்த்துக் கட்டிய பை. கையில் பை, இடுப்பில் பிள்ளை, வாசலில் வண்டி. இனி என்ன வேண்டும்?

"ஏறுங்க தாயி. காத்தோட மொகரையே சரியில்ல" என்றார் நாகராசு அண்ணன்.

"செத்த நில்லு தம்பி. எம் மகன்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றோம்" என்றார் மாமி.

"நான் என்ன ஒங்கள சினிமாவுக்கா கூப்புடுறேன், கேட்டுட்டு வர்றதுக்கு?"

வண்டிக்குள் பக்கத்து வீட்டுச் சிவரஞ்சனி அக்கா இருந்தார். அவரும் கத்தினார்: "அக்கா, மொதல்ல ஏறுங்க. ஏறிக்கிட்டு அப்பறம் கேளுங்க!"

மாமியின் பதிலைக் கேளுங்கள். "ஒனக்கென்னம்மா, ஒம் புருசன் ஒம் பக்கத்துல ஒக்காந்துருக்காரு. நாங்க கேக்காமப் போனா நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாக? மகன் கட்டுன வீட்டப் போட்டுட்டு மருமக ஓடிட்டான்னு பேசுவாக."

சிரிக்கிறீர்கள். பேசமாட்டீர்களா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், பேசமாட்டீர்களா?

சாமியா லாத்தா வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார். "மச்சான், வண்டி வந்துருக்கு, போகவா?" அவ்வளவுதான். ஒற்றை டிக் விழுந்தது. ஷாகிர் வேலையில், அவர் போன் லாக்கரில். இங்கே வாசலில் வண்டி உறுமுகிறது, அங்கே லாக்கரில் அனுமதி உறங்குகிறது. தெருவில் இன்னும் பல வீடுகள் காத்திருந்தன. அடுத்த நடையில் வருகிறேன் என்று நாகராசு அண்ணன் கிளம்பினார். அடுத்த நடைக்கு அவர் திரும்பியபோது பாதையில் புளியமரம் கிடந்தது. அதன் மேல் மின்கம்பம் கிடந்தது. கரண்ட் போனது, டவர் போனது, அந்த ஒற்றை டிக் ஒற்றையாகவே நின்றது.

புயல் எல்லா வீட்டுக்கும் வரும். கான்கிரீட் வீட்டுக்கு விருந்தாளியாக வரும். ஓட்டு வீட்டுக்கு ஜப்தி செய்ய வரும். அந்த வீட்டின் ஷீட் பறந்தது, ஓடுகள் உதிர்ந்தன, மண்சுவர் நனைந்து உள்பக்கமாகச் சாய்ந்தது. சாமியா லாத்தா பிள்ளையோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தார். மாமி சுவரோரம் இருந்தார். விடிந்த பிறகுதான் தெருக்காரர்கள் மண்ணை அள்ளி அவரை எடுத்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. இன்றுவரை வாக்கர்.

இங்கே ஓர் அண்ணன் எழுந்து ஏதோ கேட்கிறார். மைக்கில் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும். "பொம்பளைக கையில முடிவக் குடுத்தா வீடு நிக்குமா?" என்கிறார்.

அந்த வீடு நிற்கவில்லை அண்ணே. கூரை தெருமுனையில் கிடந்தது.

உட்காருங்கள், உட்காருங்கள். கோபம் வேண்டாம். இது கடற்கரைத் தெருவின் கதை, முஸ்லிம் வீட்டின் கதை என்று இந்தப் பக்கம் யாரும் நிம்மதியாகச் சாயவும் வேண்டாம். கந்தர்வகோட்டைப் பக்கம் சின்னப்பிள்ளை என்று ஓர் அம்மா. புருஷன் சிங்கப்பூரில். அதே புயல். முந்திரிக்காட்டு ஓரத்துக் கொட்டகையில் ஆடுகள். அவிழ்த்து விடலாமா என்று புருஷனுக்குக் கேட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. முந்திரி மரம் கொட்டகை மேல் விழுந்தது. கயிற்றோடு செத்தன. "வருசம் பூராம் தழ வெட்டிப் போட்டவ நானு. முடிச்ச அவுக்க மட்டும் சிங்கப்பூருக்குக் கேட்டேன்" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். அழவில்லை. எரிச்சலாகச் சொன்னார். எந்த மதத்து முடிச்சு அது? எந்தச் சாதி முடிச்சு அது?

தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பையைப் பற்றிப் பேசவும்." வருகிறேன் ஐயா, முடிவுக்குத்தான் வருகிறேன்.

டவர் திரும்பியதும் ஷாகிர் அண்ணன் போன் செய்தார். பதறினார், கதறினார். பிறகு கோபப்பட்டார். "அறிவில்லையா ஒனக்கு? வாசல்ல வண்டி நின்னுருக்கு. இதுக்கெல்லாமா என்னயக் கேக்கணும்?"

சாமியா லாத்தா சொன்ன பதிலை இந்த ஊர் ஒருமுறை முழுதாகக் கேட்கட்டும். "தையக் கடைக்குப் போகக் கேட்டேன். ஒங்க தங்கச்சி வீட்டுக்குப் போகக் கேட்டேன். புள்ளைக்கு ஊசி போடக் கேட்டேன். ஒரு தடவ கேக்காம எங்க அம்மா வீட்டுக்குப் போனதுக்கு மூணு மாசம் பேசல நீங்க. எதுக்குக் கேக்கணும், எதுக்குக் கேக்க வேணாம்னு காத்தடிக்கிற நேரத்துல நான் எப்புடிக் கண்டுபிடிக்கிறது மச்சான்?"

 

தினம் தினம் கேட்க வைத்துவிட்டு, புயலன்று மட்டும் துணிந்து நட என்றால் கால் எப்படி நடக்கும்? வாசல் தாண்டப் பழக்காத ஊர், வண்டி ஏறவில்லை என்று திட்டலாமா? பையை அரசு கொடுக்கும், சங்கம் கொடுக்கும், படம் போட்டுக் கட்சி கொடுக்கும். கிளம்பும் கால்களை யார் கொடுப்பார்?

வங்கக் கடலில் மறுபடியும் தாழ்வு மண்டலம் என்று இன்று காலைச் செய்தி. ஷாகிர் அண்ணன் விடுப்பில் வந்திருக்கிறார், ஞாயிறு விமானம். அவர் ஏறிய பிறகு அதே தெரு, அதே மூன்று பேர். சுவர் புதிது, ஓடு பழையதுதான். இந்த முறை வண்டி வந்தால்?

அதோ, ஷாகிர் அண்ணனே எழுந்துவிட்டார். சொல்லுங்கள் அண்ணே. பின்னால் கேட்கவில்லையாம், நான் திருப்பிச் சொல்கிறேன். "ஊரறியச் சொல்றேன். இனிமே காத்துமழன்னா என்னயக் கேக்காமப் போகலாம். நான் அனுமதி தாரேன்" என்கிறார்.

கை தட்டாதீர்கள்! நிறுத்துங்கள்! அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், மதிக்கிறேன். ஆனால் கேட்டீர்களா, இதுவும் அனுமதி. கொடுத்தவர் நாளை திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காற்றுக்கு மட்டும் என்று எல்லையும் வைத்துவிட்டார்.

மைக்செட் தம்பி, ஒரு மைக்கைப் பாய்ப் பக்கம் கொண்டு போங்கள். வயர் எட்டாதா? சரி, எட்டவில்லை. லாத்தா, நீங்கள் இருந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள். உங்கள் வார்த்தையை ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல் சொல்கிறேன்.

"அவுக சொன்னது சந்தோசம். சொல்லாட்டியும் இந்தத் தடவ நான் ஏறத்தான் போறேன். ஏறிட்டு, எங்க இருக்கோம்னு சொல்லுவேன். கேக்க மாட்டேன்."

மாமி வாக்கரைத் தட்டுகிறார், இருங்கள், அவருக்கும் ஏதோ சொல்ல வேண்டுமாம். "நான் மறுபடி வம்பு பண்ணுனா, என்னயத் தூக்கி வண்டில போடுடி."

இதற்குத் தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள், மேடை அதிரத் தட்டுங்கள்!

எனக்கு இனி இங்கே வேலையில்லை. பேச விட்ட தலைவருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, தட்ட வேண்டிய இடத்தில் தட்டிய ஊருக்கும், முதல் நடைக்கே ஆளை ஏற்றத் தெரிந்த நாகராசு அண்ணனுக்கும் நன்றி. தாய்மார்களே, வீட்டுக்குப் போகும்போது யாரிடமும் கேட்காமல் எழுந்து போங்கள். ஸலாம், வணக்கம்.